ஏரோமாடல் பிளான் இலவசமாகக் கிடைக்கிறது, பிரிண்ட்தான் சொதப்புகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டை, புளியரைப் பக்கம் மாடல் விமானம் பறக்கவிடுவது வீண் வேலை. ஆரியங்காவு கணவாய் வழியாக இறங்கும் காற்று, ரப்பர் பட்டை முறுக்கில் பறக்கும் 20 கிராம் விமானத்தைத் தூக்கிக்கொண்டு போய் யார் வீட்டுத் தென்னையிலாவது மாட்டிவிடும். அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே கட்டுகிற காலம். இந்த மூன்று மாதத்தில்தான் என்சிசி விமானப் பிரிவுப் பையன்கள், அவர்களின் வாத்தியார்கள், விட்ட பழக்கத்தைத் தொட்டுப்பார்க்கும் அப்பாக்கள் எல்லாரும் இணையத்தில் பிளான் (விமானம் கட்டுவதற்கான வரைபடம்) தேடி, அதை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி, வந்த தாளை வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள்.

முதலில் ஒரு வேலை. எந்தப் பிளானை எடுத்தாலும் அளவு எழுதியிருக்கிற ஒரு கோட்டைக் கண்டுபிடியுங்கள். ரிப்பின் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) நீளமாக இருக்கலாம், பாதி இறக்கையாக இருக்கலாம். பிரிண்ட் வந்ததும் அதன்மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம். கீழே உள்ள பாதிக் கோளாறுகள் அந்த நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பிளான் முழுக்க ஒரே அளவில் சுருங்கியிருந்தால் அது பெரிய தப்பே இல்லை. 97 சதவீதத்தில் வந்த விமானமும் நன்றாகவே பறக்கும். ஒரு பக்கம் 97, இன்னொரு பக்கம் 100 என்று கலந்து வந்தால்தான் கதை முடிந்தது. கீழே எதையெல்லாம் திரும்ப பிரிண்ட் எடுக்கச் சொல்கிறேன், எதையெல்லாம் விட்டுவிடச் சொல்கிறேன் என்பதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

தேடினால் காகித விமானமும் காசு கேட்கும் கடையும்தான் வருகின்றன

தேடும் சொல் பொதுவாக இருக்கிறது, அதுதான் காரணம். விமானத்தின் வகை, இறக்கையின் நீளம், அதை ஓட்டுவது எது என்ற மூன்றையும் ஆங்கிலத்தில் சேர்த்து அடியுங்கள். ரப்பர் ஃப்ரீ ஃப்ளைட் (ரப்பர் முறுக்கில் தானாகப் பறப்பது), சக் கிளைடர் (கையால் எறிவது), பீனட் ஸ்கேல் என்ற பெயர்களோடு பிளான், பிடிஎஃப் என்று சேர்த்தால் முதல் பக்கத்திலேயே உருப்படியாக ஏதாவது வரும்.

பழைய பிளான்களுக்கு அவுட்டர்ஸோன் என்ற தளம் போதும். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பெயர் பதிய வேண்டியதில்லை, ஒவ்வொரு பிளானுக்கும் இறக்கை எத்தனை அங்குலம் என்று போட்டிருக்கும். அந்த எண்ணைத் தனியாகக் குறித்துவையுங்கள், பின்னால் அளவு சரிபார்க்க அதுதான் கைகொடுக்கும். ஃபோம் போர்டில் ரேடியோ கன்ட்ரோல் விமானம் கட்டுவதானால் ஃப்ளைட் டெஸ்ட் குழுவின் பிளான்களைப் பாருங்கள். ஒரே பெரிய தாளாகவும், வீட்டு பிரிண்டருக்கு ஏற்ற துண்டுப் பக்கங்களாகவும் இரண்டு விதமாகக் கிடைக்கும்.

முதல் விமானம் என்றால் என் ஓட்டு பீனட் ஸ்கேலுக்கு. இறக்கை மொத்தமே 13 அங்குலம், அதாவது 330 மில்லிமீட்டர். பாதி இறக்கை 165 மில்லிமீட்டர்தான் என்பதால் ஏ4 தாளில் நிம்மதியாக உட்காரும், ஒட்டு வேலையே இல்லை. வால்ட் மூனி என்ற அமெரிக்கர் இந்த அளவில் வரைந்து தள்ளிய பிளான்கள் ஏராளம், அவரது பெயரைப் போட்டும் தேடலாம். ரப்பர் பட்டைதான் இங்கே சிக்கல். கணவாயைத் தாண்டினால் புனலூர் வரை ரப்பர் தோட்டம்தான், ஆனால் விமானத்துக்கான மெல்லிய பட்டைக்கு வெளியூர் பார்சலைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

பச்சை நிறத்தில் பெரிதாக டவுன்லோட் என்று மின்னும் பொத்தான் பெரும்பாலும் விளம்பரம். இறங்கிய கோப்பின் கடைசியில் பிடிஎஃப், ஜேபிஜி, ஜிஃப், டிஎக்ஸ்எஃப், எஸ்விஜி, ஜிப் இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். இஎக்ஸ்இ, ஏபிகே என்று இருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். பிளான் எதுவும் அந்த உருவத்தில் வராது. அப்புறம், இலவசப் பிளான் என்றால் கட்டிப் பறக்கவிட இலவசம் என்று மட்டும்தான் பொருள். அதை பிரிண்ட் போட்டு விற்பதும், மரத்தை வெட்டி கிட்டாக விற்பதும் வரைந்தவரின் அனுமதியைப் பொறுத்தது.

கடையில் திறந்தால் மங்கலாக இருக்கிறது, அல்லது வெறும் வெள்ளைத் தாள் வருகிறது

மங்கலுக்குக் காரணம் அநேகமாக வாட்ஸ்அப். பிளானை ஃபோட்டோவாக அனுப்பினால் அது படத்தை நசுக்கிச் சின்னதாக்கித்தான் அனுப்பும். அதே கோப்பை டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், உள்ளபடியே போகும். பென் டிரைவில் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

வெள்ளைத் தாள் வருவதும், பாதிப் படம் வந்து மீதி காணாமல் போவதும் வேறு கதை. பெரிய பிளானைப் பழைய பிரிண்டரின் நினைவகம் தாங்காது. அடோபி ரீடரின் பிரிண்ட் பெட்டியில் அட்வான்ஸ்டு என்பதைத் திறந்தால் பிரிண்ட் அஸ் இமேஜ் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்யச் சொல்லுங்கள். மெதுவாக வரும், ஆனால் முழுசாக வரும். எழுத்துகள் கட்டம் கட்டமாக வருவதற்கும் இதே மருந்து.

எல்லாமே கொஞ்சம் சின்னதாக வந்திருக்கிறது

வருகிற புகார்களில் பெரும்பாலானவை இதுதான். 150 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய ரிப் 144 இருக்கிறது. அதாவது 96 சதவீதம். 94 முதல் 97 சதவீதத்துக்குள் எங்காவது நின்றால் சந்தேகமே வேண்டாம், கடைக்காரர் ஃபிட் போட்டு எடுத்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாள் முழுக்க அவரிடம் வருவது ஆதாரும் மார்க் ஷீட்டும் பத்திர நகலும். ஓரம் வெட்டுப்படாமல் தாளுக்குள் அடங்கினால் போதும் என்ற வேலை அது. நமக்கு வேண்டியது நேர் எதிர்: ஓரம் போனாலும் பரவாயில்லை, அளவு மாறக்கூடாது.

கடையில் இப்படிச் சொல்லுங்கள்: “அண்ணாச்சி, இதை பிரவுசர்ல திறக்காம அடோபில திறங்க. ஃபிட் வேண்டாம், ஆக்சுவல் சைஸ் போடுங்க. முதல்ல ஒரே ஒரு பக்கம் எடுங்க, அளந்து பாத்துட்டு மிச்சத்தை எடுப்போம்.” கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள். ஒரு தாள் காசில் பதினைந்து தாள் மிச்சமாகும்.

பிரவுசரிலிருந்து நேராக எடுத்தால் டீஃபால்ட் என்ற பெயரில் அது தன் இஷ்டத்துக்குச் சுருக்கும். செல்போனிலிருந்து எடுத்தாலும் பெரும்பாலும் இதே கதி.

104 சதவீதம் பெரிதாக்கி எடுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகும். 150-ஐ 144-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 104.2 வருகிறது, கணக்கு சரிதான். ஆனால் ஃபிட் எவ்வளவு சுருக்கும் என்பது பிரிண்டருக்கு பிரிண்டர் மாறும். அடுத்த வாரம் விட்டுப்போன ஒரு பக்கத்தை வேறு கடையில் எடுத்தால் 104 அங்கே தப்பாகும். ஆக்சுவல் சைஸ் எந்தக் கடையிலும் ஆக்சுவல் சைஸ்தான். பெரிதாக்கும் கணக்கு ஜெராக்ஸ் மெஷினில் வைத்து நகல் எடுக்கும்போது மட்டும் உதவும், வேறு வழியில்லாதபோது.

எல்லாப் பக்கத்தையும் ஏற்கெனவே எடுத்து முடித்தாயிற்று, அத்தனையும் 96 சதவீதம் என்றால்? ரப்பர் விமானமோ கிளைடரோ ஆனால் அப்படியே கட்டுங்கள். மோட்டார், சர்வோ, சக்கரம் என்று கடையில் வாங்கிய பொருள் உட்கார வேண்டிய இடங்களை மட்டும் அந்தப் பொருளை வைத்தே அளந்து வெட்டினால் போதும். பிளான்படி மரத்தில் போடும் பள்ளங்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்கப் பிளான், ஆக்சுவல் சைஸ் போட்டும் ஓரம் வெட்டுப்படுகிறது

அவர்களுடைய லெட்டர் தாள் 216 × 279 மில்லிமீட்டர், நம் ஏ4 தாள் 210 × 297. நீளத்தில் நமக்கு மிச்சம், அகலத்தில் 6 மில்லிமீட்டர் குறை. அதோடு பிரிண்டரே இரண்டு பக்கமும் கொஞ்சம் ஓரம் விடும். பிளானில் அரை அங்குல மார்ஜின் இருந்தால் எதுவும் போகாது, தாளில் வெட்டுக்குறிகள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். கோடு ஓரம்வரை ஓடுகிறது என்றால் லீகல் தாளில் எடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் லீகல் தாள் எப்போதும் இருக்கும். அதன் அகலம் ஏறக்குறைய லெட்டர் அளவேதான், நீளம் ஏ4-ஐவிட அதிகம், ஆகவே லெட்டர் பக்கம் அதில் சுருங்காமல் உட்கார்ந்துவிடும். ஏ3 இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பாதியாக, இரட்டிப்பாக, அல்லது தாளில் ஒரு புள்ளியாக வந்திருக்கிறது

இது பிரிண்டரின் தப்பு இல்லை, கோப்பின் தப்பு. எத்தனை மடங்கு மாறியிருக்கிறது என்று பார்த்தாலே நோய் தெரிந்துவிடும்.

பாதியோ இரட்டிப்போ ஆனால் அது ஜேபிஜி படமாக இருக்கும். படத்துக்கு அங்குலம் தெரியாது, புள்ளிதான் (பிக்சல்) தெரியும். 3600 புள்ளி அகலமுள்ள படத்தை அங்குலத்துக்கு 150 புள்ளி என்று எடுத்தால் 24 அங்குலம். அதையே 300 என்று எடுத்தால் 12 அங்குலம். அவுட்டர்ஸோனில் குறித்துவைத்த இறக்கை நீளம் இங்கேதான் வேலைக்கு வரும். ஜிம்ப் என்ற பட மென்பொருளில் படத்தைத் திறந்து, இறக்கை நுனி முதல் நுனிவரை எத்தனை புள்ளி என்று அளந்து, இறக்கையின் அங்குலத்தால் வகுங்கள். வருகிற விடைதான் ரெசொல்யூஷன். அதை அப்படியே பிரிண்ட் அளவுப் பெட்டியில் போடுங்கள்.

25.4 மடங்கு வித்தியாசம் என்றால் டிஎக்ஸ்எஃப் கோப்பு. வரைந்தவர் அங்குலத்தில் வரைந்திருக்கிறார், உங்கள் லிப்ரேகேட் (வரைபட மென்பொருள்) அதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. 24 அங்குல இறக்கை 24 மில்லிமீட்டராக, ஒரு ஈ அளவுக்கு வந்து நிற்கும். முழுவதையும் தேர்ந்தெடுத்து 25.4 மடங்கு பெரிதாக்குங்கள், முடிந்தது.

சரியாக 93.75 சதவீதம் என்று வந்தால் அது இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் பழைய பதிப்பில் செய்த எஸ்விஜி கோப்பு. 2017-இல் வந்த 0.92 பதிப்பிலிருந்துதான் இங்க்ஸ்கேப் அங்குலத்துக்கு 90 புள்ளி என்ற கணக்கை 96-ஆக மாற்றியது. 90-ஐ 96-ஆல் வகுத்துப் பாருங்கள். பழைய கோப்பைத் திறக்கும்போது இங்க்ஸ்கேப்பே என்ன செய்யட்டும் என்று கேட்கும், பெரும்பாலும் நாம் படிக்காமல் ஓகே அடித்துவிடுகிறோம்.

நீளம் சரி, அகலம் தப்பு

ஸ்கேலை இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னது இதற்குத்தான். லேசர் பிரிண்டரிலும் ஜெராக்ஸிலும் தாள் உருளையில் ஓடும் திசையில் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போவது சகஜம். 200-க்கு 198.5 வந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். ஆனால் பக்கங்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடியிருக்க வேண்டும். ஆட்டோ ரொட்டேட் போட்டிருந்தால் சில பக்கம் நெடுக்கில் ஓடும், சில பக்கம் குறுக்கில் ஓடும், அந்த ஒன்றரை மில்லிமீட்டர் இங்கே ஒரு பக்கமும் அங்கே ஒரு பக்கமுமாக விழுந்து, ஒட்டும்போது கோடுகள் சந்திக்காது. போர்ட்ரெய்ட் என்றோ லேண்ட்ஸ்கேப் என்றோ நீங்களே ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

பிளானே கோணலாக இருக்கும் நிலையும் உண்டு. பழைய பத்திரிகையை விரித்து ஸ்கேன் செய்தவை பல. நடு மடிப்புக்குப் பக்கத்தில் தாள் வளைந்திருப்பதால் அங்கே கோடுகள் நெருங்கியிருக்கும். ரிப்களுக்கு இடையே உள்ள தூரத்தை வரிசையாக அளந்தால் தெரியும்: 50, 50, 50, அப்புறம் திடீரென்று 46. இதை எந்த பிரிண்ட் செட்டிங்கும் சரிசெய்யாது. பிளானில் எண் எழுதியிருந்தால் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு கோட்டை விட்டுவிடுங்கள், தாளிலேயே பென்சிலால் புதுக் கோடு போடுங்கள். ஃபியூஸலேஜின் (விமானத்தின் உடல்) இடது வலது பக்கச் சட்டங்கள் பிளானில் தனித்தனியாக வரையப்பட்டிருந்தாலும் ஒரே படத்தின்மேல் இரண்டையும் கட்டுங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவில் பாலித்தீன் தாள் வைத்து. படம் தப்பாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தப்பாக இருக்கும், விமானம் வாழைப்பழம் போல வளையாது.

ரிப்பின் உருவமே மங்கியோ நசுங்கியோ போயிருந்தால், பிளானின் ஓரத்தில் ஏர்ஃபாயில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிளான்களில் கிளார்க் ஒய் அடிக்கடி வரும். வர்ஜீனியஸ் கிளார்க் 1922-இல் உருவாக்கியது, தடிப்பு 11.7 சதவீதம், அடிப்பாகத்தின் பெரும்பகுதி தட்டை. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் ஏர்ஃபாயில்களின் புள்ளிக் கணக்கை இலவசமாக வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலை எடுத்து, ரிப் நீளத்துக்குப் பெருக்கி, வரைபடத் தாளில் புள்ளி வைத்து இணைத்தால் பிளானில் இருப்பதைவிட நல்ல ரிப் கிடைக்கும்.

துண்டுப் பக்கங்களை ஒட்டினால் கோடு கோட்டோடு சேரவில்லை

அளவு எல்லாம் சரியாக இருந்தும் சேரவில்லை என்றால், நான்கு பக்க ஓரத்தையும் வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு தாளிலும் வலது ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மட்டும் வெட்டுங்கள், மற்ற இரண்டு ஓரம் அடியில் போய் ஒட்டுவதற்காக. இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டே போனால் சின்னச் சின்னப் பிசகு சேர்ந்து கடைசித் தாளில் பெரிதாகும். நடுத் தாளில் தொடங்கி இரண்டு பக்கமும் போங்கள். நடுவில் ஒரு நீளக் கோடு இருந்தால் அதன்மேல் நூலை இழுத்துப் பிடித்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபெவிகால் வேண்டாம். அதில் இருக்கும் தண்ணீர் தாளை ஊதவைத்துச் சுருக்கிவிடும். கிளூ ஸ்டிக், அல்லது பின்பக்கம் செலோ டேப்.

பெரிய பிளானை நீங்களே துண்டாக்க வேண்டுமானால் அடோபி ரீடரில் போஸ்டர் என்பதைத் தேர்ந்து, அளவு 100, ஓவர்லேப் 10 மில்லிமீட்டர், கட் மார்க்ஸ், லேபிள்ஸ் இரண்டையும் டிக் செய்யுங்கள். லேபிள் இல்லாமல் பதினைந்து தாளை அடுக்குவது என்பது பாதிக் கோடு மட்டும் உள்ள பதினைந்து வெள்ளைத் தாளை அடுக்குவது. ஜேபிஜி படமானால் போஸ்ட்டரேசர் என்ற இலவச மென்பொருள் இதையே செய்யும். ஏ1 பிளான் என்றால் எட்டு ஏ4 போதும் என்று தாள் கணக்கு சொல்லும், ஓரமும் ஓவர்லேப்பும் போக உண்மையில் பதினைந்து பக்கத்தில்தான் வந்து நிற்கும். அந்த அளவுக்குப் போனால் தென்காசியிலோ வேறு பெரிய ஊரிலோ வீட்டு பிளான் பிரிண்ட் போடும் பிளாட்டர் கடைக்கே போய்விடுவது நல்லது. கட்டட எஞ்சினியர்கள் வந்துபோகும் கடை என்பதால் ஸ்கேல் என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஃப்ளெக்ஸ் கடையிலும் பெரிதாக எடுக்கலாம்தான். ஆனால் அங்கே கணக்கு அடியில், படம் கோரல் டிராவில், இழுத்துப் பெரிதாக்குவது மவுஸால். நான் போக மாட்டேன்.

காலையில் சேர்ந்த கோடு சாயங்காலம் சேரவில்லை

இது சாரலின் வேலை. தாள் ஈரத்தைக் குடித்தால் விரியும், அதுவும் நார் ஓடும் திசையைவிட அதற்குக் குறுக்கே அதிகமாக விரியும். ஜூலையில் நம் பக்கம் தாளைத் தொட்டாலே சில்லென்று இருக்கும். 600 மில்லிமீட்டர் இறக்கைப் பிளானில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்வது ஆச்சரியமில்லை. எல்லாப் பக்கத்தையும் ஒரே நாளில், ஒரே கட்டுத் தாளில் எடுங்கள். எடுத்த அன்றே ஒட்டுங்கள். ஒட்டியதைப் பலகையில் குத்திய உடனேயே ரிப்கள் வரும் இடங்களைப் பலகை ஓரத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள். அப்புறம் தாள் எப்படி நெளிந்தாலும் பலகை நெளியாது.

கோடு தடியாக இருக்கிறது, பின்னணி கறுப்பாக இருக்கிறது

மஞ்சளேறிய பழைய தாளை ஸ்கேன் செய்தது. ஜிம்ப்பில் த்ரெஷோல்டு போட்டு வெறும் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் டோனரும் மிச்சம், கண்ணும் தப்பிக்கும். பெரிதாக்கியதால் கோடு தடித்திருந்தால் கோட்டின் நடுவில் வெட்டுங்கள். எல்லாத் துண்டையும் நடுவிலேயே.

ஒரு இறக்கைதான் இருக்கிறது

கோப்பில் பக்கம் விட்டுப்போகவில்லை. இடம் மிச்சம் பிடிக்க வரைந்தவர் வலது இறக்கையை மட்டும் போட்டிருக்கிறார். இங்க்ஸ்கேப்பில் திறந்து எச் விசையை அழுத்தினால் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பிவிடும், அதை பிரிண்ட் எடுங்கள். கணினி கையில் இல்லையென்றால் தாளின் பின்பக்கம் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தடவித் துடையுங்கள். கோடு மறுபக்கம் தெளிவாகத் தெரியும், தாளைத் திருப்பிப் போட்டுக் கட்டலாம். எண்ணெய்த் தாளின்மேல் கட்டாயம் பாலித்தீன் விரிக்க வேண்டும். மரத்தில் எண்ணெய் ஏறினால் அப்புறம் அந்த இடத்தில் எந்தப் பசையும் ஒட்டாது.

பாலித்தீன் எண்ணெய்த் தாளுக்கு மட்டுமல்ல, எந்தப் பிளானுக்கும் வேண்டும். இல்லையென்றால் ஃபெவிக்விக் கசிந்து இறக்கையும் பிளானும் ஒன்றாகிவிடும்.

மரத்தில் அயர்ன் செய்தால் கோடு ஏறவில்லை

பிரிண்டைக் கவிழ்த்துப் பால்சா என்ற லேசான மரத்தின்மேல் வைத்து அயர்ன் பாக்ஸால் அழுத்தினால் கோடு அப்படியே மரத்தில் ஏறும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான், ஆனால் லேசர் பிரிண்ட் அல்லது ஜெராக்ஸாக இருக்க வேண்டும். டோனர் என்பது சூட்டில் உருகும் பொடி. இங்க்ஜெட் மை உருகாது, அதை எவ்வளவு தேய்த்தாலும் தாள் கருகுவதுதான் மிச்சம். அயர்ன் பாக்ஸில் நீராவி வேண்டாம், நல்ல சூடு, எடுத்த சூட்டோடு பிரிண்ட். கோடு திரும்பி விழுமே என்று ரிப்களுக்குக் கவலைப்பட வேண்டாம். வெட்டிய ரிப்பைத் திருப்பிப் போட்டால் அதே ரிப்தான், எழுத்து மட்டும் தலைகீழாக இருக்கும்.

டெல்டா டார்ட் கட்டினேன், விட்டவுடன் கல் மாதிரி விழுகிறது

ஃபிராங்க் ஈலிங் வடிவமைத்த இந்த விமானத்தில் பிளானே மேலுறை. மெல்லிய டிஷ்யூ தாளில் அச்சடித்த படத்தின்மேல் குச்சிகளை ஒட்டி, ஓரத்தை வெட்டினால் இறக்கை தயார். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் முதலில் கட்டுவது இதைத்தான். நம்மவர்கள் பிடிஎஃப்-ஐ 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளில் எடுத்து அதன்மேலேயே குச்சியை ஒட்டிவிடுகிறார்கள். அந்தத் தாளின் எடையே விமானத்துக்குப் பெரிய சுமை. பிரிண்டைப் பலகையில் வைத்து, மேலே பாலித்தீன், அதற்கும் மேலே டிஷ்யூ தாள் என்று விரியுங்கள். கோடு அடியிலிருந்து தெரியும், அதைப் பார்த்து டிஷ்யூவின்மேல் குச்சியை ஒட்டுங்கள்.

பிரிண்ட் அச்சு அசல், ஆனால் மரம் பள்ளத்தில் உட்காரவில்லை

பழைய பிளான்கள் அங்குலக் கணக்கு. பதினாறில் ஒன்று என்றால் 1.6 மில்லிமீட்டர், முப்பத்திரண்டில் மூன்று 2.4, எட்டில் ஒன்று 3.2. இங்கே கிடைக்கும் பால்சா பலவும் 1.5, 2, 3 மில்லிமீட்டர். 3.2-க்கு வரைந்த பள்ளத்தில் 3 மில்லிமீட்டர் ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டுக் குச்சி) லொடலொடவென்று ஆடும். பள்ளத்தை மட்டும் பிளானைப் பார்த்து வெட்டாதீர்கள், கையில் இருக்கும் மரத்தை வைத்து அகலம் குறித்து வெட்டுங்கள். பிளானைப் பெரிதாக்கி எடுத்தவர்களுக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும். 150 சதவீதம் பெரிதாக்கினால் பள்ளமும் ஒன்றரை மடங்காகும், எட்டில் ஒன்று குச்சிக்கு 4.8 மில்லிமீட்டர் பள்ளம். மரத்தையும் அதே விகிதத்தில் தடிப்பாக்கினால் எடை 3.4 மடங்காகும், இறக்கைப் பரப்போ 2.25 மடங்குதான் ஆகும். ஆகவே குச்சியை ஒரு படி மட்டும் தடிப்பாக்கி, பள்ளத்தை அதற்கேற்பச் சுருக்கி வரைந்துகொள்ளுங்கள்.

ஃபோம் விமானத்திலும் இதே பிரச்சினை வேறு வேஷத்தில் வரும். ஃப்ளைட் டெஸ்ட் பிளான்களின் பள்ளம், மடிப்பு எல்லாம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டுக்கானவை, இரண்டு பக்கமும் காகிதம், நடுவில் லேசான ஃபோம். நம் ஸ்டேஷனரி கடையில் சன்போர்டு என்று கேட்டால் பல சமயம் பிவிசி தகட்டை எடுத்துத் தருவார்கள். தடிப்பு அதே 5 இருக்கும், பள்ளமும் சரியாகப் பொருந்தும், ஆனால் விமானம் தரையை விட்டு எழாது. வாங்கும் முன் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழ வேண்டும், கையில் தூக்கினால் எடையே தெரியக்கூடாது. 3 மில்லிமீட்டர் போர்டுதான் கிடைத்தது என்றால் பிளானைச் சுருக்க வேண்டாம், பள்ளங்களை மட்டும் 3 மில்லிமீட்டருக்கு வெட்டி, இறக்கையின் நடுவில் ஐஸ் குச்சியோ மூங்கில் பட்டையோ ஒன்று சேர்த்து ஒட்டிக்கொள்ளுங்கள்.